சொல்லை மாற்றாதவர்

சிதம்பரம் பேருந்து நிலையத்திலிருந்து கிளம்பிய டவுன் பஸ்ஸில்தான் அவர் பேசுவதை முதன்முதலில் கேட்டேன். அதற்கு முதல் நாளே அலுவலகத்தில் அறிமுகம் ஆகியிருந்தது. அங்கே அவர் சிரித்துத் தலையை ஆட்டியதோடு சரி. பஸ்ஸில் எனக்கு இடம் கிடைத்துவிட்டது. அவர் பக்கத்தில் கம்பியைப் பிடித்தபடி நின்றார். கால்களுக்கு நடுவே காது சோதிக்கும் கருவி இருந்த கறுப்புப் பை. நடத்துநர் எனக்குக் கட்டணமில்லாச் சீட்டைக் கிழித்துக் கொடுத்துவிட்டு அவர் பக்கம் திரும்பினார்.

"சாருக்கு எங்க?"

அவர் வாயைத் திறந்தார். சத்தம் வரவில்லை. வலது புருவம் மட்டும் மேலே ஏறி அங்கேயே நின்றது. கழுத்து நரம்பு புடைத்தது.

"எங்க சார்? புவனகிரியா?"

இல்லை என்று தலையை ஆட்டினார். பின்னால் நின்ற கல்லூரி மாணவர்கள் இரண்டு பேர் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். எனக்குப் பொறுக்கவில்லை. "கீரப்…" என்று ஆரம்பித்தேன். அவர் உள்ளங்கையை என் பக்கம் விரித்துக் காட்டினார். கோபமாக இல்லை, ஒரு நிமிஷம் பொறு என்பதுபோல. பிறகு, மேட்டில் ஏறும் மாட்டுவண்டி ஒரு உந்தலில் மேலே வந்துவிடுமே, அப்படி அந்தச் சொல் வந்தது.

"க்… க்… கீரப்பாளையம்."

"அவ்ளோதான சார்? கைய காட்டியிருந்தா கூட குடுத்திருப்பேன்."

"நீங்க எங்கன்னுதான கேட்டீங்க? சொன்னேன்" என்றார். இந்த வாக்கியம் ஒரு தடங்கலும் இல்லாமல் வந்தது.

கீரப்பாளையத்தில் இறங்கி நடக்கும்போது அவரே பேச்சை எடுத்தார்.

"சங்கடமா இருந்துச்சா?"

"இல்ல சார்."

"இருந்திருக்கும். போவப் போவப் பழகிடும். ஒண்ணு மட்டும் சொல்லிடுறேன். என் வார்த்தைய நீங்க முடிச்சு வெக்காதீங்க. முடிச்சா நான் திரும்ப மொதல்லேருந்து ஆரம்பிப்பேன். நேரம் ஜாஸ்திதான் ஆவும்."

விளையாட்டுக்குச் சொல்கிறார் என்று நினைத்தேன். உண்மையிலேயே அப்படித்தான் செய்வார் என்பது அந்த வாரத்திலேயே தெரிந்துவிட்டது. எதிரில் இருப்பவர் யாராக இருந்தாலும், எவ்வளவு பெரிய அதிகாரியாக இருந்தாலும், இவர் வாயிலிருந்து சொல்லைப் பிடுங்கி முடித்தால், பொறுமையாகக் கேட்டுவிட்டு, வாக்கியத்தின் தொடக்கத்துக்கே போய் மறுபடி ஏறி வருவார். கூட்டங்கள் நீண்டுகொண்டே போகும். எனக்கே சில நாள் எரிச்சலாக இருக்கும்.

மத்திய அரசு நிதியில் நடந்த ஆய்வு அது. ஒரு வட்டாரத்தில் யார் யாருக்குக் காது கேட்கவில்லை, யார் யாருக்குப் பேச்சு வரவில்லை, வீட்டார் அதை எப்போது கண்டுகொள்கிறார்கள், கண்டுகொண்ட பிறகு என்ன செய்கிறார்கள் என்று வீடு வீடாகப் போய்ப் பார்க்க வேண்டும். எங்களுக்குக் கீரப்பாளையம் வட்டாரம். சிதம்பரத்தில் ஒரு மாடி அறை எங்கள் அலுவலகம். கடலூரிலிருந்து ஒருங்கிணைப்பாளர் மேடம் அவ்வப்போது வந்து பார்ப்பார். நான் காது, பேச்சு சம்பந்தமான படிப்பை முடித்துவிட்டுக் கடலூர் செம்மண்டலத்தில் பெற்றோர் வீட்டில் வேலை தேடிக்கொண்டிருந்தவள். களப்பணியாளர் வேலை கிடைத்தது. அவர் ஆய்வு அலுவலர். பேச்சுப் பயிற்சி கொடுப்பதில் பல வருட அனுபவம் உள்ளவர். திக்குகிறவர் ஒருவர் மற்றவர்களுக்குப் பேச்சுப் பயிற்சி கொடுக்கிறாரா என்று முதலில் எனக்கும் வியப்பாகத்தான் இருந்தது. "கண்ணாடி போட்ட கண் டாக்டரைப் பார்த்ததில்லையா?" என்று அவரே கேட்டுச் சிரிப்பார்.

உயரமான மனிதர். நாற்பதைத் தாண்டியவர். கட்டம் போட்ட முழுக்கைச் சட்டையை முழங்கை வரை மடித்துவிட்டிருப்பார். காதைப் பார்க்கும் சின்ன டார்ச் எப்போதும் பையில் இருக்கும். பேச்சு எவ்வளவு நிதானமோ, நடை அவ்வளவு வேகம். வரப்பில் அவர் பின்னால் ஓடித்தான் போக வேண்டும்.

அவருடைய பெயரை நான் இங்கே எழுதப்போவதில்லை. அந்தப் பெயரைச் சொல்லி முடிக்க ஒவ்வொரு வீட்டு வாசலிலும் அவர் பட்ட பாட்டைப் பார்த்தவள் நான். அதைப் பேனாவால் ஒரே நொடியில் எழுதிவிட்டுப் போவது ஏனோ எனக்கு நியாயமாகப் படவில்லை. 'க'வில் தொடங்கும் பெயர் என்பது வரை சொல்கிறேன்.

'க'தான் அவருக்கு எதிரி. மற்ற எழுத்துகள் பெரும்பாலும் வழிவிட்டுவிடும். சில நேரம் 'க'வும் விட்டுவிடும்; எப்போது என்று அவருக்கே தெரியாது. "நான் தேர்ந்தெடுத்த துறையப் பாருங்க" என்பார். "காது, கேக்குறது, கருவி. எல்லாம் அதுலயே ஆரம்பிக்குது. மாவட்டம் கடலூரு. வட்டாரம் கீரப்பாளையம். இதெல்லாம் போதாதுன்னு காதுக்குள்ள கருவி வெக்க காக்ளியர்னு ஒரு ஆபரேஷனு." இந்த வரிகளைச் சொல்லி முடிப்பதற்குள் டீ ஆறிவிடும். ஆனால் ஒரு சொல்லைக்கூட விடமாட்டார். சொல்லி முடித்ததும் முதலில் சிரிப்பவரும் அவர்தான்.

டீ என்றதும் நினைவுக்கு வருகிறது. அவர் டீ குடிக்கமாட்டார். பேருந்து நிலையத்துக்கு எதிரில் இருந்த கடையில் தினமும் நின்று, புருவத்தை ஏற்றி, "க்… காபி" என்று கேட்டு வாங்குவார். கடைக்காரர் பழகியவர். அவரைத் தூரத்தில் கண்டதுமே கலக்க ஆரம்பித்துவிடலாம். ஆனாலும் சொல்லி முடிக்கும் வரை டம்ளரைத் தொடமாட்டார்.

"காலேஜ் முடியிற வரைக்கும் டீதான் குடிச்சேன்" என்றார் ஒரு நாள். "எனக்கு டீ பிடிக்கவே பிடிக்காது. டீன்னு சொல்றது சுலபம். அதனால டீ. எங்க ஊரு பேரும் காபி மாதிரி அந்த எழுத்துலதான் ஆரம்பிக்கும். பஸ்ல ஊரு பேரைச் சொல்ல முடியாம, அடுத்த ஸ்டாப் பேரச் சொல்லி டிக்கெட் வாங்குவேன். பாலம்னு பேரு. பாலத்துல எறங்கி, திரும்ப நடந்து வருவேன். மழையில கூட. வீட்டுல என்னடா தெனமும் அந்தப் பக்கமா வர்றேம்பாங்க. ஒரு வார்த்தை வராதுன்னு தெரிஞ்சா சட்டுனு பக்கத்து வார்த்தைக்குத் தாவிடுவேன். அவ்ளோ வேகம். யாருக்கும் நான் திக்குறவன்னே தெரியாது. அமைதியான புள்ளைன்னு நல்ல பேரு."

சிதம்பரத்தில் தெற்கு வீதி பக்கம் ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் ஒருவர் வீட்டுக்குப் போனோம். கோயிலுக்கு எட்டிப் பிடிக்கும் தூரத்தில் வீடு. அவருக்குக் காது நன்றாகவே மந்தம். மகன் வாங்கித் தந்த காதுக் கருவி அலமாரியில் தூங்கியது. வீட்டு அம்மாள் எங்களுக்கு மோர் கொடுத்துவிட்டு, என்னிடம் குனிந்து மெல்லச் சொன்னார். "இவருக்குக் காது கேக்காது. அவருக்குப் பேச்சு வராது. ரெண்டு பேரும் என்னத்தைப் பேசிக்கப் போறாங்க?" சொல்லிவிட்டு அவருக்கே சிரிப்பு வந்துவிட்டது.

இரண்டு பேரும் மதியம் வரை பேசினார்கள். இவர் ஒரு சொல்லோடு மல்லுக்கட்டி நிற்கும்போது, அவர் கையைக் காதுக்குப் பின்னால் குவித்துக் காத்திருப்பார். அவர் தப்பாகக் கேட்டு வேறெதற்கோ பதில் சொன்னால் இவர் மறுபடி சொல்வார். ஒருவர் மேல் ஒருவருக்கு அவசரமே இல்லை. கிளம்பும்போது பெரியவர் மனைவியைக் கூப்பிட்டார். "இத்தனை வருஷத்துல எனக்குப் புரியற வேகத்துல பேசின ஒரே மனுஷன் இவர்தான். நீங்கள்லாம் ஒண்ணு கத்தறீங்க, இல்லேன்னா ஓடறீங்க" என்றார். அலமாரியிலிருந்து கருவியை எடுத்து, எப்படி மாட்டுவது என்று கேட்டுத் தெரிந்துகொண்டார்.

இந்தப் பிடிவாதம் எல்லா நேரமும் அழகாக முடிந்ததில்லை. ஒரு முறை சிதம்பரத்தில் ஆட்டோவிலிருந்து இறங்கி, கறுப்புப் பையைத் தரையில் வைத்துவிட்டு நான் தண்ணீர் பாட்டில் வாங்கப் போனேன். அவர் எதிர்ச்சாரியில் கடைக்காரரிடம் வழி கேட்டுக்கொண்டிருந்தார். ஆட்டோ பின்னால் வர ஆரம்பித்தது. அவர் கையை உயர்த்தி ஓடினார். வாய் திறந்திருந்தது. புருவம் ஏறியிருந்தது. நான் திரும்பிப் பார்ப்பதற்குள் டயர் பைமேல் ஏறி இறங்கிவிட்டது. அதற்குப் பிறகுதான் அந்தச் சொல் வந்து விழுந்தது. "கருவி!"

தலையில் மாட்டும் பகுதி இரண்டாக உடைந்திருந்தது. பழுது பார்க்க அனுப்பி, அது திரும்பி வரும் வரை எங்கள் களப்பணி நின்றது. கடலூரிலிருந்து மேடம் போனில் கத்தினார். முழுப் பொறுப்பும் தன்னுடையது என்று இவர் எழுதிக் கொடுத்தார்.

கருவி உடைந்த அன்று மதியம் மாடிப்படியில் உட்கார்ந்திருந்தோம். எனக்கு ஆற்றாமை தாங்கவில்லை. "பைன்னு கத்தியிருக்கலாமே சார்? நில்லுன்னு சொல்லியிருக்கலாமே?"

"சொல்லியிருக்கலாம்" என்றார். "வாய் அதை ஆரம்பிச்சிடுச்சு. ஆரம்பிச்சத விட்டுட்டு வேற ஒண்ணுக்குப் போற பழக்கம் எனக்கு விட்டுப்போச்சு. இன்னிக்கு அது தப்பாப் போச்சு. தப்புதான்."

சற்று நேரம் கழித்து, நான் கேட்காமலே சொன்னார்.

"அப்பாவ ஆஸ்பத்திரியில சேத்திருந்தோம். நான் அப்பத்தான் காலேஜ் முடிச்சிருந்தேன். நர்ஸம்மா வந்து, பேஷன்ட் உங்களுக்கு யாருன்னு கேட்டாங்க. அப்பான்னு சொல்லணும். சாதாரணமா வர்ற வார்த்தைதான். அன்னிக்கு வரல. அவுங்க அவசரத்துல நிக்குறாங்க. நான் சட்டுனு, தெரிஞ்சவருன்னு சொல்லிட்டேன். சுலபமா வந்துச்சு."

படியில் கிடந்த காய்ந்த இலையை எடுத்துக் கீழே போட்டார்.

"அப்பா கட்டில்ல படுத்துக்கிட்டு கேட்டுக்கிட்டுத்தான் இருந்தாரு. என்னையப் பாத்து லேசா சிரிச்சாரு. அவருக்குத் தெரியும், நான் ஏன் அப்படிச் சொன்னேன்னு. வீட்டுக்குத் திரும்பி வரல அவரு. அதுக்கப்பறம் நான் எந்த வார்த்தையையும் மாத்துறதில்ல."

அதன் பிறகு அவர் புருவம் ஏறும்போதெல்லாம் எனக்கு எரிச்சல் வந்ததில்லை.

பவித்ராவின் குழந்தை எங்களிடம் வந்தது அதற்குச் சில மாதங்கள் கழித்து. கீரப்பாளையத்திலிருந்து உள்ளே போகும் ஓர் ஊரில் விவசாயக் குடும்பம். பவித்ராவுக்கு அத்தை மகனோடுதான் கல்யாணம் ஆகியிருந்தது. அவன் சிங்கப்பூரில் வேலை பார்த்தான். வீட்டில் அவளும் மாமனாரும் குழந்தையும்தான். குழந்தையின் பெயர் கவின். ஒன்றரை வயது தாண்டியும் 'ம்மா' என்றுகூட வரவில்லை. "எங்க வூட்டு ஆம்பளைங்களுக்கு லேட்டாத்தான் பேச்சு வரும். எனக்கே அஞ்சு வயசுலதான் வந்துச்சு" என்றார் மாமனார். பார்த்த டாக்டர்களும் பொறுத்திருந்து பார்க்கலாம் என்றே சொல்லியிருந்தார்கள்.

காதில் சின்ன முனையை வைத்துப் பார்க்கும் சோதனையில் இரண்டு பக்கமும் பதில் இல்லை. சிதம்பரத்துக்கு வரவழைத்து, குழந்தையைத் தூங்க வைத்து, நெற்றியில் பசை தடவி ஒயர்களை ஒட்டிச் செய்யும் பெரிய சோதனையையும் செய்தோம். எவ்வளவு சத்தம் கொடுத்தும் திரையில் கோடு எழும்பவே இல்லை.

அன்று மேடமும் கடலூரிலிருந்து வந்திருந்தார். எங்களை வெளியே கூட்டிப்போய்ச் சொன்னார். "சார், நான் பேசிடுறேன். கொஞ்சம் கம்மியா இருக்கு, மெஷின் வெச்சுப் பாக்கலாம்னு ஆரம்பிப்போம். அடுத்தடுத்து வர்றப்ப மெல்ல மெல்லச் சொல்லிக்கலாம்."

"கொஞ்சம் இல்லியே மேடம்" என்றார் அவர்.

"எனக்குத் தெரியாதா? ஒரேயடியா சொன்னா ஓடிப்போயிடுவாங்க. எத்தனை பேரைப் பாத்திருக்கேன்."

மேடம் சொன்னதிலும் தப்பில்லை. அப்படிப் போனவர்களை நானும் பார்த்திருந்தேன்.

"அவுங்க என்கிட்டதான் கேட்டாங்க. நான் சொல்லுறேன்" என்றுவிட்டு அவர் உள்ளே போனார்.

பவித்ரா குழந்தையைத் தோளில் போட்டிருந்தாள். அவர் எதிரில் ஸ்டூலை இழுத்துப்போட்டு உட்கார்ந்தார். "அம்மா, உங்க பையனுக்கு…" என்றார். அங்கே நின்றுவிட்டது. மாமனார் என்னைப் பார்த்தார், மேடத்தைப் பார்த்தார். பவித்ரா மட்டும் அவர் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவர் கண்கள் அவள் முகத்தை விட்டு விலகவில்லை.

"க்… க்… காது… க்… கேக்கலைம்மா. ரெண்டு காதும் கேக்கல. பொறந்ததுலேருந்தே கேட்டிருக்காது."

பிறகு மற்றதையும் சொன்னார். அறுவை சிகிச்சை செய்து காதுக்குள் கருவி வைத்தால் கேட்கும், அதற்கு அரசுக் காப்பீடு இருக்கிறது, வயது ஏற ஏறப் பலன் குறையும், பிறகு பேச்சுப் பயிற்சிக்குத் தவறாமல் வர வேண்டும் என்று எல்லாவற்றையும். அவர்கள் அதைக் கேட்கும் நிலையில் இல்லை. மாமனார் குழந்தையின் முகத்துக்கு நேரே கையைத் தட்டினார். குழந்தை கையைப் பார்த்துச் சிரித்தது. "இதோ பாக்குறான் பாரு! கேக்கலையாம்!" என்றார். பவித்ரா குழந்தை நெற்றியில் இருந்த பசையைக்கூடத் துடைக்காமல் எழுந்து போய்விட்டாள்.

சாயங்காலம் அவருடைய போன் அடித்தது. மாமனார். அந்தக் குரல் அறை முழுக்கக் கேட்டது.

"ஒனக்கே நாலு வார்த்தை நேரா பேச வக்கில்ல. நீ வந்து என் பேரனுக்குக் கேக்காது, பேச்சு வராதுன்னு சொல்லுறியா? இனிமே எங்க ஊரு பக்கம் வந்தீன்னா தெரியும்!"

அவர் பதில் சொல்ல வாயெடுத்தார். சொல் வருவதற்குள் இணைப்பு துண்டிக்கப்பட்டுவிட்டது. போனை மேஜைமேல் வைத்தார்.

மாமனார் அதோடு விடவில்லை. ஊர்க்காரர் இரண்டு பேரைக் கூட்டிக்கொண்டு மேடத்திடமே வந்து புகார் சொன்னார். கொஞ்ச நாள் ஊர்ப்பக்கம் போக வேண்டாம், அலுவலகத்தில் இருந்து கணினி வேலையைப் பாருங்கள் என்று மேடம் அவரிடம் சொல்லிவிட்டார். நான் மட்டும் களத்துக்குப் போய் வந்தேன். பவித்ரா வீட்டுக்கும் போனேன். மாமனார் நாற்காலி போட்டு உட்காரவைத்து, நெல் விலையைப் பற்றிப் பேசி அனுப்பிவைத்தார்.

களத்துக்குப் போக முடியாத அவர் போன் செய்ய ஆரம்பித்தார். "ஊருக்குப் போவாதீங்கன்னு சொன்னாங்க. போன் பண்ணாதீங்கன்னு சொல்லலியே" என்றார். திக்குகிறவர்களுக்குப் போனைவிடக் கொடுமையான பொருள் உலகத்தில் இல்லை. முகம் தெரியாது, கை தெரியாது. சொல் வராத இடைவெளியில் மறுமுனை வைத்துவிடும். வங்கிக்கு அழைத்தால் இயந்திரக் குரல், 'மன்னிக்கவும், நீங்கள் சொன்னது புரியவில்லை' என்று அவரிடம் அலுத்துக்கொள்ளும். அதெல்லாம் தெரிந்துதான் வாரத்துக்கு ஒரு முறை பவித்ராவின் எண்ணைப் போட்டார். பெரும்பாலும் மாமனார்தான் எடுப்பார். இவருடைய மௌனத்தைக் கேட்டதுமே யாரென்று தெரிந்துவிடும். வைத்துவிடுவார்.

"நான் பேசட்டுமா சார்?" என்று கேட்டேன்.

"நீங்களும் பேசுங்க. ஆனா, சொன்னது நான். திட்டு வாங்குனதும் நான். விட்டுட்டேன்னு அவுங்க நெனச்சிடக் கூடாது."

பனிக்காலம் முடியும் சமயத்தில் ஒரு நாள் பவித்ரா வந்தாள். தனியாக, இடுப்பில் குழந்தையோடு, எங்கள் மாடிப்படி ஏறி வந்து வாசலில் நின்றாள். மூச்சு வாங்கியது. அவர் எழுந்து நாற்காலியைக் காட்டினார். அவள் உட்காரவில்லை.

"பக்கத்து வூட்டுத் தாத்தா செத்துட்டாரு சார். மேளம் அடிச்சாங்க. தெருவுல சரம் சரமா வெடி போட்டாங்க. எனக்கே நெஞ்சு அடைச்சுது. இவன் என் தோள்ல தூங்கிக்கிட்டு இருந்தான். தூங்கிக்கிட்டேதான் இருந்தான் சார்."

அழுதாள். அவர் அழ விட்டார். மேஜையிலிருந்த தண்ணீரை அவள் பக்கம் நகர்த்தி வைத்தார்.

"மாமாவுக்குத் தெரியாம வந்துட்டேன்" என்றாள் முகத்தைத் துடைத்துக்கொண்டு. பிறகு என் பக்கம் திரும்பினாள். "அக்கா, நாங்க பாக்காத டாக்டரு இல்ல. எல்லாரும் ஒண்ணும் இல்ல, சரியாயிடும்னு பட்டுனு சொல்லிட்டாங்க. இவரு ஒருத்தருதான் அவ்ளோ கஷ்டப்பட்டு, வேர்த்து விறுவிறுத்து, காது கேக்கலைன்னு சொன்னாரு. அன்னிக்கு எனக்கு ஆத்திரமாத்தான் இருந்துச்சு. வூட்டுக்குப் போயும் அவரு மொகந்தான் கண்ணுலயே நிக்குது. பொய் சொல்றதுக்கு யாராச்சும் அவ்ளோ கஷ்டப்படுவாங்களாக்கா?"

அவர் கவினின் சோதனை விவர அட்டையை எடுத்து மேஜைமேல் வைத்து, சிங்கப்பூரில் கணவனை எப்போது போனில் பிடிக்கலாம் என்று கேட்டார்.

அதற்குப் பிறகு நடந்தது எதுவும் சுலபமாக இல்லை. கணவனிடம் வீடியோவில் பேசியவர் அவர்தான். அவன் அவசரக்காரன். ஆனாலும் மனைவி பக்கத்தில் நின்று, "இருங்க, அவரு சொல்லட்டும்" என்று சொன்னதால் கடைசி வரை கேட்டான். தலையைக் கிழிக்க விடமாட்டேன் என்று மாமனார் சில நாள் சோறு தண்ணி இல்லாமல் படுத்தார். காப்பீட்டுக்காகப் பவித்ராவும் நானும் கடலூருக்கு அலைந்தோம். மேடம் தனக்குத் தெரிந்த இடத்திலெல்லாம் பேசி, அறுவை சிகிச்சைக்குச் சென்னையில் தேதி வாங்கித் தந்தார். களத்துக்கு மறுபடி போகலாம் என்று அவரிடம் சொன்னதும் மேடம்தான். மன்னிப்பு என்று ஒரு வார்த்தை மேடம் கேட்கவில்லை. அதற்குப் பதிலாக, அடுத்த கூட்டத்தில் இவர் பேசும்போது தன் போனை அணைத்துப் பைக்குள் போட்டுவிட்டு உட்கார்ந்திருந்தார்.

எங்கள் ஆய்வுக்கு நீட்டிப்பு வரவில்லை. கணக்கெடுத்த விவரங்களை டெல்லிக்கு அனுப்பியதோடு மாடி அறையைக் காலி செய்தோம். எனக்குக் கடலூரிலேயே ஒரு மருத்துவமனையில் வேலை கிடைத்தது. அவர் வேறு மாநிலத்தில் இன்னொரு ஆய்வுக்குப் போய்விட்டார். எந்த ஊர் என்று போனில் கேட்டேன். பதில் வர வெகு நேரம் ஆனதிலேயே அதுவும் எந்த எழுத்தில் ஆரம்பிக்கிற ஊர் என்று தெரிந்துவிட்டது. இருவரும் சிரித்துவிட்டோம்.

ஆனால் அவர் உடனே போய்விடவில்லை. சென்னையில் அறுவை சிகிச்சை முடிந்து திரும்பிய கவினுக்குப் பக்கத்தில் ஒரு பயிற்சி மையம் அமையும் வரை, சிதம்பரத்தில் தான் குடியிருந்த வீட்டு முன்னறையிலேயே பயிற்சி கொடுத்தார். விடுமுறை நாளில் நானும் போவேன். அப்படி ஒரு நாளை மறக்க முடியவில்லை.

கவின் பாயில் உட்கார்ந்து மரக்கட்டைகளை அடுக்கிக்கொண்டிருந்தான். காதுக்குப் பின்னால் கருவி, தலைமுடிக்குள் வட்டமாக ஒரு வில்லை. அவர் அவனுக்குப் பின்பக்கம் உட்கார்ந்து, உதட்டைப் பார்த்துப் புரிந்துகொள்ளக் கூடாது என்பதற்காக ஓர் அட்டையால் வாயை மறைத்துக்கொண்டார். பெயர் சொல்லிக் கூப்பிட வேண்டும். தம்பி என்றோ பாப்பா என்றோ கூப்பிட்டிருக்கலாம். அவர் அப்படிச் செய்கிறவர் இல்லை.

"க்…" என்றார். அட்டைக்கு மேலே புருவம் ஏறி நின்றது.

கவின் திரும்பிவிட்டான். பெயரின் மிச்சம் இன்னும் வரவே இல்லை. அதற்குள் கட்டையைக் கையில் பிடித்தபடி திரும்பி, அட்டைக்குப் பின்னால் யார் என்று எட்டிப் பார்த்தான். பவித்ரா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

மாமனாரும் வந்திருந்தார். வந்தது முதல் உள்ளே வரவில்லை. செருப்போடு வாசலிலேயே நின்று ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தார். என்னைக் கையசைத்து வெளியே கூப்பிட்டார்.

"ஏம்மா, தப்பா எடுத்துக்காத. புள்ள இப்பத்தான் சத்தமே கேக்குறான். தெனமும் இவரு பேசுறதையே கேட்டுக் கேட்டு, அவனுக்கும் இதே மாதிரி நின்னு நின்னு வந்துடாதா?"

"அது தொத்துற வியாதி இல்லீங்க ஐயா. அப்படியெல்லாம் வராது" என்றேன்.

அவர் நம்பாமல் தலையை ஆட்டினார். பவித்ராவுக்குக் கேட்டுவிட்டது. இருந்த இடத்திலிருந்தே, சத்தமாகவும் இல்லாமல் மெதுவாகவும் இல்லாமல் சொன்னாள்.

"வந்தா வந்துட்டுப் போவுது மாமா. அவரு மாதிரி பேசுனான்னா அதுவே எனக்குப் போதும்."

அறைக்குள் அவர் தலையைக் குனிந்து கட்டைகளைப் பொறுக்கிக்கொண்டிருந்தார். காது மடல் சிவந்திருந்தது.

மாமனார் பிறகு செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டு உள்ளே வந்தார். வேட்டியை ஒதுக்கிக்கொண்டு, பேரனுக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தார்.

"சார், வூட்டுல நான் எப்படிக் கூப்பிடணும்னு எனக்கும் சொல்லிக் குடுங்க" என்றார்.